சுசீலாபாய் படித்ததும் எலிசாள் ஜெபித்ததும்

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும். எது பின்வாங்குவது என்று தீர்மானமாவதற்குள் நான் ஒரு காப்பி குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுவேன். அந்தச் சந்தில் என் வீட்டை ஒட்டிய வீடு சுசீலாபாயுடையது. நடுவில் ஒரு சுவர். சுவர் என்று சொல்வது மரியாதைக்குத்தான். என் அடுப்பில் மிளகாய் வறுத்தால் முதல் தும்மல் அவளுடையது.

சுசீலாபாய்க்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. புது வருஷத்துக்கு அரிசி மண்டிக்காரர்கள் கொடுக்கிற டைரி. அதில் பால் கணக்கு எழுத மாட்டாள், மனத்தாங்கல் எழுத மாட்டாள். அன்றைக்கு என்ன படித்தாள் என்பதை எழுதுவாள். கண்ணில் பட்ட எதுவும் அவளுக்குப் படிப்புதான். டைரி மேசைமேல் திறந்தபடி கிடக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். நான் புரட்டுவேன்.

"திங்கள். வேதத்தில் வெறும் பெயர்களாக வருகிற ஓர் அதிகாரம். பாதியிலிருந்து கண்ணை ஓட்டிவிட்டேன். கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்."

"புதன். டீச்சருடைய இருமல் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாள், இரு பக்கமும். டீச்சர் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது."

"வெள்ளி. ரவை மடித்து வந்த மலையாளப் பத்திரிகை. கிணற்றில் கிடந்தது யார் என்று தெரிவதற்குள் தாள் முடிந்துவிட்டது. நாளைக்கும் ரவை வாங்க வேண்டும்."

டீச்சர் என்பது நான். பள்ளிக்கூடத்தை விட்டு வெகுகாலம் ஆகியும் இந்த ஊரில் அந்தப் பெயர் ஒருத்தியை விடாது. என் பேத்திகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த ரவை விஷயத்துக்கு வருகிறேன். மறுநாளும் வாங்கினாள், அதற்கு மறுநாளும் வாங்கினாள். கிணற்றில் கிடந்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சந்து முழுக்க இரண்டு வாரம் உப்புமா சாப்பிட்டோம். மளிகைக்காரர் மைதீன் அவளுக்கென்றே வண்டி பிடித்து ரவை இறக்கினார் என்று நான் சொல்வதுண்டு. வண்டி என்பது கொஞ்சம் கூடுதல்.

சாலைக் கடைத்தெருவில் மகாராஜா பிள்ளையின் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போட்டவள் அவள். கல்யாணமாகிக் கருங்கல் பக்கத்திலிருந்து இங்கே வந்த புதிதில் மலையாளத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. பஸ் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் அவளுக்குத் தெரிந்த எழுத்துகளைக் கொண்டு பேட்டைக்குப் போக முடியும், பாப்பனங்கோட்டுக்குப் போக முடியாது. அப்படித் தொடங்கியவள், பிறகு மலையாள வாரப் பத்திரிகைகளில் ஒன்றையும் விடாமல் படித்தாள்.

முதலாளிக்குக் கடையில் புத்தகம் ஆகாது. சுசீலாபாய் ஒரு கையால் புடவையின் முந்தானையை விரித்துக் காட்டுவாள். அதன் மறைவில் மற்றக் கையில் பத்திரிகை திறந்திருக்கும். சுண்டுவிரலால் பக்கம் புரட்டுவாள். ஒருநாள் கதையில் ஒரு தகப்பன் செத்துப்போக, இவள் கண்ணில் பொலபொலவென்று நீர். எதிரே நின்ற கல்யாண வீட்டம்மாள், "பாரு, இந்தப் புடவையக் குடுக்க அந்தப் பிள்ளைக்கே மனசு வரல" என்று அதையே எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு வியாபாரம் மந்தமான நாளில் மகாராஜா பிள்ளையே பக்கத்தில் வந்து, "சுசீலா, கையில கதை ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பாராம். இது கடையில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது வயதாகி வீட்டோடு இருக்கிறாள். கணவர் திரவியம் போய்விட்டார். மகன் ஷிபினுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து போவான். மற்ற நாளெல்லாம் படிப்பு. ஆனால் படித்ததை ஒருவருக்குச் சொல்லி முடிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த ஒருவர் அவளுடைய அக்காள் எலிசாள்.

எலிசாள் கருங்கல் பக்கத்திலேயே இருக்கிறாள். ஒரு காலத்தில் கோயில் பாட்டுக் குழுவில் அவள் குரல்தான் முன்னால் போகும். வயதோடு காது போய்விட்டது. பாட்டும் போயிற்று, பிரசங்கமும் போயிற்று, மிஞ்சியது ஜெபம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை அவள்தான் நடத்துகிறாள். எலிசாள் முழங்கால் போட்டால் காரியம் நடக்கும் என்று அந்த ஊரில் பேச்சு. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காதோரம் வாய் வைத்துக் கத்த வேண்டும். அவளுக்கு வருகிற செய்தி தெரு முழுக்கப் போய்விட்டுத்தான் அவளிடம் வரும். அதனால் அக்காளும் தங்கையும் வாரம் தவறாமல் கடிதம் எழுதிக்கொண்டார்கள், நீல நிற இன்லண்டில். "செல்போன்ல எழுதுங்களேன்" என்று ஷிபின் சொல்லிப் பார்த்தான். பொத்தானை அமுக்கினால் மறைந்துபோகிறதெல்லாம் கடிதமா என்று எலிசாள் அவனுக்குத் தனியாக ஓர் இன்லண்டு போட்டாள்.

இன்லண்டில் எழுதியவர்களுக்கு அதில் எவ்வளவு இடம் என்பது தெரியும். சுசீலாபாய் பசை ஒட்டுகிற மடிப்பில்கூட எழுதுவாள். மேலே வீட்டு விசேஷம், அப்படியே அதோடு சேர்த்துப் படித்த விஷயம். இடம் மிச்சம் பிடிக்க, நடுவில் ஒரு வரி விட மாட்டாள். "நம்ம பூனை மூன்று குட்டி போட்டது. பேட்டையில் ஷீனா என்று ஒருத்தி, பாவம், நர்ஸ் வேலை. புருஷன் பிஜு துபாய்க்குப் போய்த் தகவலே இல்லை. மாமியார் அவளுடைய மருந்தை ஒளித்து வைத்துவிட்டாள். டீச்சருக்கு முழங்கால் வலி." பூனை உண்மை. என் முழங்கால் உண்மை. ஷீனா, செவ்வாய்க்கிழமை தோறும் வருகிற தொடர்கதை.

இப்படியே மாதக்கணக்கில் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை எலிசாளின் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் சுசீலாபாய் என் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரே, இத ஒண்ணு வாசிங்க. நான் வாசிச்சது தப்பா இருக்கணும்."

தப்பாக இல்லை. எலிசாள் எழுதியிருந்தாள்: "லெந்து உபவாச நாள் தொடங்கினது முதல் ஷீனாவின் பெயர் நம் ஜெபக்குறிப்பில் இருக்கிறது. அவளுக்காகவே இரண்டு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தோம். பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக எழுதினாயே. வருகிற சனிக்கிழமை நானும் பெண்கள் ஐக்கிய சங்கத்து நேசமணியும் அவளைப் பார்க்க வருகிறோம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நில்."

நான் சிரித்த சிரிப்பில் மதில்மேல் இருந்த காக்கை பறந்துபோயிற்று.

"சிரிக்காதீங்க டீச்சர். ஒரு சபையே முழங்கால் போட்டிருக்கு."

"அதுக்கென்ன? நேசமணிக்குப் போன் போட்டு விஷயத்தச் சொல்லிடேன்."

"நேசமணி அத அக்கா காதுல கத்தணும். 'எலிசாக்கா, அது கதைப் பொம்பளையாம்!' ன்னு நடுத்தெருவுல. அதுக்கப்பறம் எந்த மூஞ்சிய வச்சுட்டு எங்க அக்கா வெள்ளிக்கிழமை முழங்கால் போடுவா? அவளுக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு." கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். "லெட்டர் போட்டா சனிக்குள்ள போய்ச் சேராது. அவளா வந்து தெரிஞ்சுக்கிட்டா, இனி எனக்கு ஒரு வரி எழுத மாட்டா. என் லெட்டரப் பிரிக்கவும் மாட்டா. அப்பறம் நான் படிச்சத யார்ட்ட சொல்ல?"

"என்கிட்டச் சொல்லு."

"உங்ககிட்டயா? நான் பாதி சொல்றதுக்குள்ள மீதிய நீங்க சொல்லிருவீங்களே."

"சரி, இந்த வாரப் பத்திரிகை வந்துதா? ஷீனா எப்படி இருக்கா?" என்றேன்.

சுசீலாபாய் என் படியில் உட்கார்ந்துவிட்டாள். "செத்துட்டா டீச்சர்."

கடிதமும் பத்திரிகையும் ஒரே தபாலில் வந்திருக்கின்றன. இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே கடவுள் என்னைப் படைத்திருக்கிறார். "கவலைப்படாதே. பிஜு திரும்பி வந்துட்டான். பொண்டாட்டிய நல்ல வைத்தியத்துக்குக் கனடா கூட்டிட்டுப் போயிட்டான். சனிக்கிழமை வர்றவங்க கொஞ்சம் பிந்திட்டாங்க, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி மொட்டை மாடியில ஹெலிகாப்டர் வந்து இறங்கினது. மாமியார் அதோட கால்ல விழுந்தா."

"ஹெலிகாப்டர் கால்லயா?"

"புடவை பறக்குது. அப்படியும் விடல, கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, 'மோளே, என்னை மன்னிச்சுடு!'"

சுசீலாபாய் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் அதப் படிக்கலையே."

"படிச்சதா எழுதிடு."

"டைரில என்ன எழுதுவேன்?"

கண்ணை ஓட்டிய அதிகாரத்தைக் கண்ணை ஓட்டியதாகவே எழுதுகிறவள். அவளிடம் என் சரக்கு விலைபோகாது. கடைசியில் அவளே வழி சொன்னாள். அக்காளைத் தனியாக உட்காரவைத்து, தாளில் எழுதிக் காட்டிவிடுவது. யாரும் கத்த வேண்டாம், யாரும் கேட்க வேண்டாம். நேசமணிக்கு விஷயமே தெரிய வேண்டாம். "அதுவரைக்கும் நேசமணிய நீங்க உங்க வீட்டுல பிடிச்சு வச்சுக்கணும் டீச்சர். ஏதாவது அவுத்துவிடுங்க. ஹெலிகாப்டர் மாதிரி."

சனிக்கிழமை தம்பானூருக்கு நானும் போனேன். கருங்கல் பஸ்ஸிலிருந்து முதலில் ஒரு மட்டிப்பழ வாழைக்குலை இறங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு நேசமணி. அவளுக்குப் பின்னால் கருப்பட்டிக் காப்பி ஃபிளாஸ்கை மார்போடு அணைத்தபடி எலிசாள். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாது. எலிசாளின் குரல் ரயில் நிலையம் வரைக்கும் போயிற்று.

"ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்ட்டி? மொதல்ல அங்க போவோம். பிள்ளைக்குப் பசிக்கும்!"

சுசீலாபாய் வாயைக் காட்டி, வயிற்றைக் காட்டி, முதலில் சாப்பாடு என்று சைகை செய்து ஆட்டோவில் ஏற்றினாள். வழி முழுக்க எலிசாள் ஷீனாவின் ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு, கஞ்சி குடிக்கிறாளா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சுசீலாபாய் வெளியே கடைப் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றையும் அவள் படித்திருக்க மாட்டாள்.

சந்துக்கு வந்ததும் நேசமணியின் கையைப் பிடித்து என் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். காப்பி கொடுத்து, கோட்டைப் பக்கத்து யானை ஒன்று ரேஷன் கடை வரிசையில் நின்ற கதையைத் தொடங்கினேன். நேசமணி லேசுப்பட்டவள் இல்லை. "யானைக்குக் கார்டு உண்டா?" என்று கேட்டாள். உண்டு, ஆனால் பாகன் பெயரில், என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல்.

"என்னது? கதையா?"

தங்கை தாளில் சத்தமில்லாமல் எழுதுவாள் என்பதை யோசித்தோம். அக்காள் அதற்கு வாயால் பதில் சொல்வாள் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

"அப்ப பேட்டையில ஷீனான்னு ஒருத்தி இல்லியா?" தாளில் பேனா உரசுகிற சத்தம். "பிஜுவும் இல்லியா?" மறுபடி பேனா. பிறகு, மிகவும் ஏமாந்துபோன குரலில், "அந்த மாமியாக்காரியுமா இல்ல?"

நேசமணி டம்ளரைக் கீழே வைத்தாள். "டீச்சரம்மா, அங்க என்ன சொல்லுகா? ஷீனான்னு ஆளே கெடையாதா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. நேசமணி எழுந்து ஓடினாள். முழங்கால் விட்ட வேகத்தில் நானும் ஓடினேன்.

"ரெண்டு வெள்ளிக்கிழம பச்சத் தண்ணி குடிக்காமக் கெடந்தேன்!" என்று வாசலிலிருந்தே தொடங்கினாள் நேசமணி. "எனக்க சுகருக்கு டாக்டர் பட்டினி கெடக்கப்பிடாதுன்னு சொல்லியும் கெடந்தேன்! ஒரு கதைப் பொம்பளைக்கா கெடந்தேன்?"

எலிசாளுக்கு அது கேட்கவில்லை. அவள் தங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதைன்னு ஒரு வார்த்த எழுதப்பிடாதா பிள்ளே?"

சுசீலாபாய் எழுதினாள்: இன்லண்டில் இடம் இல்லைக்கா.

"இடம் இல்லியாம்." எலிசாள் அந்தத் தாளை மடியில் வைத்துத் தடவினாள். "காது போன பொறவு எனக்கிட்ட எவ என்ன சொல்லுகா? மருமவ சோறு வேணுமான்னு கையக் காட்டுகா. அம்புட்டுதான். நீ எழுதுகதுதான் எனக்கு நாலு மனுசாளு. காலத்த எந்திச்சா, இன்னைக்கு ஷீனா எப்படி இருக்காளோன்னு நெனச்சுட்டுதான் அடுப்பு பத்த வைப்பேன். இப்ப அவ இல்லன்னு எழுதிட்ட."

சுசீலாபாய் ஒரு வரி எழுதி நீட்டினாள். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க முடிந்தது. விடைத்தாள் திருத்திய கண். 'இனி உனக்கு எழுதவா, வேண்டாமா?'

எலிசாள் படித்தாள். எலிசாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்:

"செரி, இப்ப ஆஸ்பத்திரியில எப்படி இருக்கா அவ?"

சுசீலாபாய் தயங்கித் தயங்கி எழுதினாள்: செத்துட்டா.

"அய்யோ எனக்க ஏசுவே! எப்ப?"

செவ்வாய்க்கிழமை.

"எப்படிச் செத்தா? எழுது. ஒண்ணு விடாம எழுது."

இன்லண்டு இல்லை அல்லவா, இடத்துக்குப் பஞ்சம் இல்லை. ஷிபினின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் அவள் எழுதத் தொடங்கினாள். ஒரு தாள் முடிந்ததும் எலிசாள் பிடுங்கிக்கொண்டாள். அவள் படித்து முடிக்கும்வரை பொறுக்க மாட்டாமல் நேசமணி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு, "இந்தத் தாளு தீந்துதுன்னா இங்க தாங்கக்கா" என்று கையை நீட்டினாள். சுகரும் பட்டினியும் எங்கே போயிற்றோ. ஷீனா கடைசியாக மாமியாரிடம் தண்ணீர் கேட்ட இடத்தில் இருவரும் அழுதார்கள். மாமியார் ஷீனாவின் வளையலைப் போட்டுக்கொண்டு சவ அடக்கத்துக்கு வந்த இடத்தில் நேசமணி தாளையே அடித்தாள். "இவ வெளங்குவாளா!"

நானும் ஒரு தாளைக் கையில் வாங்கினேன். ஹெலிகாப்டரைவிட நன்றாகத்தான் இருந்தது.

கடைசித் தாளையும் முடித்துவிட்டு எலிசாள் நிமிர்ந்தாள். "இத எழுதுனவன் ஆரு?"

கொல்லம் பக்கத்துக்காரர், புனைபெயர், என்று எழுதினாள் சுசீலாபாய்.

"அவன் நெனச்சிருந்தா இவளப் பொழைக்க வச்சிருக்கலாமா?"

ஆமாம்.

"ஒரு வரியிலயா?"

ஆமாம்.

எலிசாள் நேசமணியின் பக்கம் திரும்பினாள். உபவாச ஜெபம் நடத்துகிறவளின் முகம் வந்துவிட்டது. "ஆள மாத்திக் கேட்டுட்டோம் நேசமணி. இந்தப் பிள்ளைக்குச் சுகம் குடும்னு கேட்டதுக்கு, அவனுக்கு நல்ல மனசக் குடும்னுல்லா கேட்டிருக்கணும்."

நேசமணி யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். எலிசாளின் காதோரம் குனிந்து சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "அப்ப வெள்ளிக்கிழம குறிப்புல போட்டுரட்டாக்கா? பேரு என்னன்னு போட?"

"பேரு எதுக்கு? கல்நெஞ்சுக்காரன் ஒருத்தன்னு போடு. கர்த்தருக்கு ஆளு தெரியும்."

"உபவாசமும் இருக்கணுமா?"

"அவனுக்கா? அவனுக்கெல்லாம் ஜெபம் போதும்."

அதன்பிறகு சோறு சாப்பிட்டோம், ஷீனாவுக்கு வந்த மட்டிப்பழத்தை நாங்கள் நாலு பேரும் உரித்துத் தின்றோம். மைதீன் கடைக்கும் ஒரு சீப்பு போயிற்று. எலிசாள் தங்கையோடு பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோபமா, களைப்பா என்று எனக்குப் புரியவில்லை. சுசீலாபாய்க்கும் புரியவில்லை. தம்பானூருக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அவள் அக்காளின் முகத்தையே படித்துக்கொண்டு வந்தாள். அவள் எழுதிக் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பஸ் கிளம்புகிற நேரம். எலிசாளுக்கு ஜன்னலோர இடம். சுசீலாபாய் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எலிசாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். கண்டக்டர், கடலைக்காரன், பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"புதன்கிழம லெட்டர் போட மறந்துராத பிள்ளே! அந்த மாமியாக்காரிக்கு என்ன ஆச்சுன்னு எழுது! அவளுக்கு மட்டும் ஏதாவது நல்லது நடந்துச்சு, ஒன்ன நான் சும்மா விடமாட்டேன்! ஷீனாவக் கொன்னவ அவ!"

சுசீலாபாய் தலையை ஆட்டினாள், ஆட்டினாள், கழுத்து சுளுக்கிவிடும்போல ஆட்டினாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க எனக்கு நேரம் இல்லை; ஏனென்றால் எலிசாளுக்கு முன் இருக்கையில் இருந்த மலையாளத்துப் பெண் ஒருத்தி, மடியில் டிபன் கூடையோடு, சட்டென்று பின்னால் திரும்பினாள்.

"சேச்சி, ஷீனயுடெ அம்மாயியம்மயோ? அவளெ வெறுதே விடருது!"

மாமியாரைச் சும்மா விடக் கூடாதாம். நேசமணி எழுந்து, எலிசாளின் காதுக்கு வாயைக் கொண்டுபோனாள். பஸ் நகர்ந்தது. அந்தப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இருக்கைக்கு மாறுவதையும், நேசமணி நகர்ந்து இடம் விடுவதையும் பார்த்தோம். பஸ் வளைவு திரும்பி மறைந்த பிறகும் எலிசாளின் குரல் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.